காரம் என்று சொல்லாதவர்

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் ஹவுஸ் ஓனராக இருந்தவருக்குச் சாப்பிட உட்கார்ந்தால் கண்ணில் தண்ணீர் வரும். மூக்கில் வரும். காது இரண்டும் செம்பருத்தி நிறத்துக்குப் போகும். "காரமா மாமா?" என்று கேட்டால் "காரமா? எங்க?" என்று தட்டைச் சுற்றிலும் தேடுவார். ஒருமுறை நாற்காலிக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காரணம் வைத்திருந்தார். கண்ணீருக்குத் தூசு. மூக்குக்குச் சளி. விக்கல் எடுத்தால் திட்டக்குடியில் இருக்கும் அண்ணன் நினைக்கிறார். வேர்த்தால் கரண்ட் இல்லை. தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தாலும் கரண்ட் இல்லைதான். யாரோ கொண்டுவந்து கொடுத்த ஆந்திரா ஊறுகாயை ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு எழுந்தவர், வீட்டை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். "எதுக்கு எழுந்தேன்னு மறந்துட்டேம்மா" என்றார்.

எங்களுக்கும் அவருக்கும் சொந்தம் எதுவும் கிடையாது. மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம், கீழே அவரும் அவர் மனைவியும். வந்த இரண்டாம் நாளே அவர் மாமா, அந்த அம்மா அத்தை என்று ஆகிவிட்டது. மாமா கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே அரசுப் பேருந்தில் கண்டக்டராக ஓடி ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு கவளத்தையும் விழுங்கியதும் மெதுவாக "ரைட்" என்பார். அதன் பிறகுதான் அடுத்த கவளம் புறப்படும்.

எனக்குப் பொய் என்றால் ஆகாது. கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்த புத்தி அது. லிட்மஸ் தாள் சிவப்பானால் சிவப்பு என்றுதான் சொல்லவேண்டும். கண்ணெதிரே ஒரு மனிதர் முழுசாகச் சிவந்துபோய் நீலம் நீலம் என்று சாதித்தால் எனக்கு எப்படி இருக்கும்? முதல் மாதத்திலேயே அத்தையிடம் கேட்டுவிட்டேன், திட்டக்குடிப் பக்கம் எல்லோருமே இப்படித்தானா என்று.

"அட, நீ வேற! அவுங்க அண்ணன்லாம் ரசத்துக்கே அழுவாரு. இவுரு ஒருத்தர்தான் இப்புடி" என்றார் அத்தை. "எல்லாம் எங்கண்ணனால வந்தது."

அத்தைக்குப் பிறந்த ஊர் சிதம்பரம். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்து. இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும். அத்தையின் அண்ணன் புது மாப்பிள்ளையைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாம் என்று, அவருடைய கிண்ணத்தில் மட்டும் ஒரு கைப்பிடி பச்சை மிளகாயை அரைத்துக் கலந்துவிட்டார். மாமா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பந்தியே அவரைப் பார்த்தது.

"என்னா மாப்ளே, காரமா?"

"காரமே இல்லயே மச்சான். வெயில்தான் ஜாஸ்தி."

வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்ததாம். கார்த்திகை மாதம்.

அன்றைக்கு ஆரம்பித்தது முப்பத்தோரு வருடம் ஓடியது. அந்த மச்சான் பிறகு சிதம்பரத்தில் பெரிய ஸ்வீட் கடை வைத்தார், இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தார், பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டார். ஆனால் மாப்பிள்ளை வாயிலிருந்து "காரம்" என்ற ஒரு சொல்லை வரவழைக்கும் வேலையை மட்டும் விடவேயில்லை. வாழைக்காய் பஜ்ஜிக்குள் ஊசி மிளகாயைச் செருகியிருக்கிறார். தன் கடைக் குலோப்ஜாமூனைக் குடைந்து உள்ளே மிளகுத்தூளை அடைத்துக் கொடுத்திருக்கிறார். மாமா அதைத் தின்றுவிட்டு, "ஜீரா நல்லா ஊறியிருக்குது மச்சான்" என்றாராம். அந்த ராத்திரி முழுக்க மச்சானுக்குத் தூக்கம் வரவில்லை என்று அவர் மனைவி போன் செய்து சொல்லியிருக்கிறார்.

அத்தையும் சும்மா இருக்கவில்லை. புருஷன் ஒரு நாளாவது "என்னாடி இவ்ளோ காரம்" என்று கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று வருடத்துக்கு இரண்டு மிளகாயாக ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். நாங்கள் குடிபோன சமயத்தில் அது எங்கே வந்து நின்றதென்றால், கீழே தாளித்தால் மாடியில் எங்களுக்கு இருமல் வரும். அமாவாசைக்குப் படைத்த சோற்றைக் காக்கைகள் கொத்தாது. ஒன்று வந்து மூக்கை வைத்துவிட்டு எதிர்வீட்டு மொட்டை மாடிக்குப் போய் அங்கேயிருந்து இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். "காக்காய்ங்களுக்கு இப்பல்லாம் முன்ன மாதிரி பசி இல்ல" என்பார் மாமா.

அத்தைக்கோ காரம் ஒத்துக்கொள்ளாது. தனக்கென்று ஒரு கிண்ணம் தயிர்சாதம் பிசைந்து வைத்துக்கொண்டு, புருஷன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அதைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கும், சிரிப்பும் வரும்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் அவரிடமே கேட்டேன். "ஏன் மாமா, காரமா இருந்தா காரம்னு சொல்றதுல என்ன குறைஞ்சுபோகுது?"

அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "தீவாளி நேரத்துல பஸ்ஸுல காத்து நொழைய எடம் இருக்காது. அப்ப கண்டக்டர் என்னா சொல்லணும்?"

"உள்ள போங்க, உள்ள போங்கன்னு."

"ம். உள்ள எடம் இருக்குது, போ. அப்புடித்தான் சொல்லணும். எடம் இல்லன்னு கண்டக்டரே சொல்லிட்டா அப்புறம் பஸ்ஸு நவுருமா?"

இதற்குமேல் இந்த மனிதரிடம் என்ன பேசுவது? எழுந்து மாடிக்கு வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சாக்லேட் செய்யத் தொடங்கியிருந்தேன். பாலும் சர்க்கரையும் போட்ட சாக்லேட்டை எல்லோரும்தான் செய்கிறார்கள். நான் செய்ய நினைத்தது மிளகாய் போட்ட டார்க் சாக்லேட். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன். விதை நீக்கிய வரமிளகாயை எண்ணெய் இல்லாமல் வறுத்து, பொடித்து, சூடான கொக்கோ வெண்ணெயில் ஊறவைத்து வடிகட்டுவேன். மிளகாயின் காரம் தண்ணீரில் இறங்காது, கொழுப்பில்தான் இறங்கும். அந்த வெண்ணெயை உருக்கிய டார்க் சாக்லேட்டில் கலந்து அச்சில் ஊற்றி ஆறவிட்டால் முடிந்தது. வாயில் வைத்ததும் கசப்பு வரும். அப்புறம் ஒரு பழப்புளிப்பு. எல்லாம் முடிந்து விழுங்கியபிறகுதான் தொண்டைக்குப் பக்கத்தில் காரம் மெல்லக் கண் திறக்கும். இதைக் கண்டுபிடித்த அன்று தனியாகச் சமையலறையில் நின்று கைதட்டிக்கொண்டேன்.

மற்றவர்கள் கைதட்டவில்லை. என் கணவர் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "சாக்லேட் சாப்பிட்ட கையோட பஜ்ஜி சாப்பிட்ட மாதிரி இருக்கு" என்றார். அக்கம்பக்கத்தில் வாசனை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். சுவைத்துப் பார்க்கத் துணிந்து வந்தவர் மாமா ஒருவர்தான். தினமும் மாலை நான்கு மணிக்கு முகம் கழுவி, தலை சீவி, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி வருவார்.

"கடிக்கக் கூடாது மாமா. கண்ணை மூடிக்குங்க. நாக்குல வச்சு அதுவா கரையட்டும்" என்பேன். அவர் முறுக்கைக் கடிப்பதுபோலக் கடிப்பார். மென்று விழுங்கி "ரைட்" சொல்லிவிட்டு, "மொளகா சாக்லேட்டுன்ன. காரம் எங்கம்மா?" என்பார், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்த நாள் மிளகாயை இரட்டிப்பாக்குவேன். அவர் வந்து தின்றுவிட்டுத் தூசு என்பார்.

ஆனால் ஒன்று. காரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்த நாக்கு கண்டுபிடித்துவிடும். "இன்னிக்கி மொளகாவ ஒரு நிமிஷம் ஜாஸ்தி வறுத்துட்ட." உண்மை. போன் வந்து பேசிக்கொண்டிருந்துவிட்டேன். "வெங்காயக் கூடைக்குப் பக்கத்துல எதையோ வச்சிருந்தியா?" வைத்திருந்தேன், அச்சுகளைக் காயவைக்க. "இது நேத்தி போட்ட மொளகா இல்ல, வேற மொளகா." கடையில் மாற்றிக் கொடுத்திருந்தார்கள், எனக்கே தெரியாது. லேபில் வைக்கவேண்டிய நாக்கு. அதை வைத்துக்கொண்டு இந்த மனிதர் செய்கிற அட்டூழியத்தைப் பாருங்கள் என்று கணவரிடம் புலம்புவேன்.

ஏப்ரல் மாதம் ஏதோ வேலையாகச் சிதம்பரத்து மச்சான் கடலூர் வந்திருந்தார். அத்தை என்னைக் கீழே கூப்பிட்டு அறிமுகப்படுத்தினார். என் சாக்லேட்டை மச்சான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மிட்டாயில மொளகாவா? நம்ப கடைக்கு வர்றவங்க அடிக்க வந்துடுவாங்கம்மா" என்று சிரித்தார். நான் விடவில்லை. கடைக் கண்ணாடி ஷோகேஸில் ஒரே ஒரு தட்டுக்கு இடம் கொடுங்கள், ஒரு மாதம் பாருங்கள் என்று கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்கு வராது. அன்றைக்கு வந்தது. என்னிடம் இருந்த நேரம் அவ்வளவுதான். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, திரும்பி வருகிறீர்களா இல்லையா என்று மே கடைசிக்குள் சொல்லிவிடுங்கள் என்று ஹெட்மாஸ்டர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். கடை எதுவும் எடுத்துக்கொள்ளாவிட்டால் திரும்பிப்போவதாகக் கணவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"சரிம்மா. எங்க மாப்ளைய என் கண்ணு முன்னால, என் கடையில வச்சு, காரம்னு ஒரே ஒரு வார்த்த சொல்ல வையி. ஷோகேஸ்ல மேல் தட்டே ஒனக்குத்தான்."

"சொல்லாட்டி?"

"மாப்ளையே காரம் இல்லன்னுட்டா அப்புறம் என்னாம்மா மொளகா மிட்டாயி?"

மாமா நிதானமாக வெற்றிலையை மென்றார். "காரமா இருந்தா சொல்லப்போறேன். எனக்கென்னா?" என்றார்.

ஒரு மாதத்தில் சிதம்பரம் வருகிறோம் என்று பேச்சு. அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். குண்டு மிளகாய், நீட்டு மிளகாய், ஊசி மிளகாய் என்று ஒவ்வொன்றாக முயன்றேன். முகமூடியும் நீச்சல் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மிளகாய் வறுத்தேன். கணவர் ஷிப்ட் முடிந்து வந்து, கதவைத் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு மறுபடி வெளியே போனார். நான்கு மணிக்கு மாமா வருவார், தின்பார், விக்குவார், "அண்ணன் நெனைக்கிறான்" என்பார். ஒருநாள் திட்டக்குடி அண்ணனுக்கே போன் போட்டு "என்னை நெனச்சியா?" என்று கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லும்வரை விடாமல் பேசி, எனக்கு நேராக ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, என் வேலையே இதுல இருக்கு. உங்களுக்குத் தெரியும்ல?" என்றேன் ஒருநாள். அழுகை வந்துவிட்டது.

அவர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனார். ஆனால் மறுநாளும் வந்து "காரம் எங்கம்மா?" என்றுதான் கேட்டார். அன்றைக்கு அவரை நான் வெறுத்தேன் என்றே சொல்லவேண்டும்.

தினமும் ருசி பார்த்துப் பார்த்து எனக்கு வாய் முழுக்கப் புண். தண்ணீர்கூடக் குடிக்கமுடியவில்லை. கடைசிப் பத்து நாள் நான் எதையும் சுவைக்காமல், அளவை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு செய்தேன்.

சிதம்பரம் போகவேண்டிய நாள் காலையில் ஊசி மிளகாய் ஊறிய கொக்கோ வெண்ணெய் ஒரு டம்ளரில், சாதா கொக்கோ வெண்ணெய் ஒரு டம்ளரில், இரண்டும் ஃப்ரிட்ஜில் தட்டுப் போட்டு மூடி இருந்தன. இரண்டுமே எவர்சில்வர். ஐந்து மணிக்குக் கரண்ட் போய்விட்டது. செல்போன் வெளிச்சத்தில் டம்ளரை எடுத்து, உருக்கி, சாக்லேட்டில் கலந்து, அச்சில் ஊற்றி, கட்டியானதும் எடுத்து, ஐஸ் பாக்கெட்டோடு தெர்மாகோல் பெட்டியில் அடுக்கினேன்.

கத்திரி வெயில். ஏசி கார் வைத்துக்கொள்ளலாம் என்றேன். மாமா பஸ்ஸில்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். முன் சீட்டில் உட்கார்ந்து, தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்து, வழி முழுக்கத் தன் துண்டால் அதற்கு விசிறிக்கொண்டே வந்தார். ஐஸ் உருகி வேட்டி நனைந்தது.

கடையில் மதியக் கூட்டம் கலைந்திருந்தது. கேக் வைக்கிற ஏசி அறையில் மச்சான் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, நடுவில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருந்தார். ஸ்வீட் மாஸ்டர், மிக்சர் மாஸ்டர், பில் போடும் பெண் எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். முப்பத்தோரு வருடக் கதை அவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

தட்டில் சாக்லேட்டை அடுக்கும்போது ஒன்றின் மூலை உடைந்து கையோடு வந்தது. பயத்தில் என்ன செய்கிறேன் என்றே தெரியாமல் அதை வாயில் போட்டுக்கொண்டேன். கசப்பு வந்தது. பழப்புளிப்பு வந்தது. விழுங்கிவிட்டுக் காத்திருந்தேன். தொண்டைக்குப் பக்கத்தில் ஒன்றும் வரவில்லை. இன்னும் காத்திருந்தேன். புண்கூட எரியவில்லை. எனக்கு அந்த இரண்டு டம்ளர்களும் நினைவுக்கு வந்தன.

மிளகாய் டம்ளர் கடலூரில், ஃப்ரிட்ஜில், தட்டுப் போட்டு மூடி, பத்திரமாக இருந்தது.

"மாமா, ஒரு நிமிஷம்" என்றேன். அவர் அதற்குள் ஒன்றை எடுத்துவிட்டார். வாயில் போடப்போனவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் எப்படி நின்றேனோ தெரியாது. சாக்லேட்டை வாயில் வைத்தார். கடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது எனக்கு. அன்றைக்குத்தான் முதல்முறையாக நான் சொன்னபடி நாக்கில் வைத்துக் கரையவிட்டார். "ரைட்" வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"ஸ்ஸ்ஸ்..." என்றார்.

மச்சான் பாதி எழுந்துவிட்டார்.

"தண்ணி. அந்தத் தண்ணிய இப்புடித் தள்ளுங்க."

"என்னா மாப்ளே?"

"காரம்."

"என்னா?"

"காரம் மச்சான். என்னா காரம்! ஸ்ஸ்... யப்பா!" சொம்பை அண்ணாந்து பாதி குடித்தார். நாக்கை வெளியே நீட்டி விசிறிக்கொண்டார். முப்பத்தோரு வருடமாக அடக்கிவைத்த அத்தனையையும் அந்த மிளகாயே இல்லாத ஒரு துண்டுக்குச் செலவழித்தார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, காது சிவக்கவில்லை. ஆனால் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

மச்சான் பொத்தென்று உட்கார்ந்தார். "இன்னொரு தடவ சொல்லு" என்றார். மாமா சொன்னார். மச்சான் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், நான் பயந்தபடியே, கையை நீட்டி ஒரு சாக்லேட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மென்றார். புருவம் உயர்ந்தது. இன்னும் மென்றார். தேடுகிறார் என்று தெரிந்தது. இந்தக் கன்னத்தில் தேடினார், அந்தக் கன்னத்துக்குத் தள்ளித் தேடினார். என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தார். இதில் காரம் இல்லை என்று அவர் சொன்னால், இவ்வளவு வருடம் கழித்துக் கிடைத்த ஜெயம் அந்த நிமிடமே இல்லாமல் போகும். அது அவருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. மென்றதை விழுங்கினார்.

"யப்பா!" என்றார் மச்சான். "என்னா காரம்டா சாமி!"

ஸ்வீட் மாஸ்டரும் ஒன்று எடுத்தார். முதலாளி முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றார். "ஆமாங்க மொதலாளி. கொஞ்சம் லேட்டா வருது" என்றார். மிக்சர் மாஸ்டர் இருமினார். பில் போடும் பெண் வெளியே ஓடிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். எனக்கு மட்டும்தான் அந்த அறையில் காரமே இல்லை.

"மேல் தட்டு ஒனக்குத்தாம்மா" என்றார் மச்சான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு. காரத்த இன்னும் கொஞ்சம் கொறச்சுக்க. நம்ப கஸ்டமர் தாங்கமாட்டாங்க" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டியதும் சொன்னேன். "மாமா, அதுல மிளகாயே இல்ல. டம்ளர் மாறிப்போச்சு."

"அது தெரியாமயா?" என்றார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. "வாய்ல வச்சதுமே தெரிஞ்சிபோச்சு."

"அப்புறம் ஏன் மாமா?"

"ஒன் மூஞ்சியப் பாத்தேன். கடைசி பஸ்ஸ வுட்டுட்டு நிக்கிற பாசஞ்சர் மாதிரி இருந்துச்சு. வுடு."

எனக்கு அழுகை வந்தது. அவர் வேட்டியின் ஈரம் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவருடைய போன் அடிக்கத் தொடங்கியிருந்தது. மச்சான், சொந்தக்காரர்கள் ஒருவரையும் விடாமல் செய்தி சொல்லிவிட்டிருந்தார். திட்டக்குடி அண்ணனும் பேசினார், "என்னாடா, காரம்னு சொல்லிட்டியாமே" என்று. "ஆமாண்ணே" என்றார் மாமா. ஒவ்வொரு போனுக்கும் அதே ஆமாம்தான். இடம் இல்லை என்று ஒருநாளும் சொல்லாத கண்டக்டர் வழிநெடுக ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

செம்மண்டலத்தில் கேட்டைத் திறந்துகொண்டு அத்தை நின்றார்.

"காரம்னு சொன்னீங்களாமே?"

"ஆமா."

"மிட்டாயி காரமா இருந்துச்சாமே?"

மாமா செருப்பைக் கழற்றினார்.

"முப்பத்தோரு வருசம். கை எரிய எரிய மொளகா அரச்சேன். ஊட்டுக்கு ஒரு காக்கா வராது. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு எங்கொழம்பப் பாத்து அந்த வார்த்த சொல்லியிருப்பீங்களா? எவளோ செஞ்ச மிட்டாய்க்கிச் சொல்லிட்டு வந்திருக்கீங்க!" எவளோ என்பது பக்கத்தில் தெர்மாகோல் பெட்டியோடு நின்ற நான்தான். அத்தை உள்ளே போய்விட்டார்.

அதன்பிறகு மூன்று நாள் அந்த வீட்டில் பேச்சு இல்லை. தட்டு வரும், தண்ணீர் வரும், அத்தை வரமாட்டார். மாமா உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது ஐந்து நிமிடத்தில் மச்சான் காதுக்குப் போகும், என் ஷோகேஸ் தட்டு பறிபோகும். அதனால் வாயைத் திறக்காமல் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு மாடிக்கும் வரவில்லை.

நான்காம் நாள் காலை அத்தையே படியேறி வந்தார். கண் வீங்கியிருந்தது. "எவ்ளோ மொளகாம்மா போட்ட? எனக்கும் சொல்லிக் குடு" என்றார்.

தட்டு போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. அத்தையை உட்காரவைத்து, இரண்டு டம்ளரையும் முன்னால் வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். அத்தை மிளகாய் டம்ளரைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மொளகாவே இல்லயா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இல்லை என்றேன். "எங்கண்ணனுக்குச் சொல்லாத" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று மதியம் கீழிருந்து தாளிக்கிற நெடி வரவில்லை. இருமலும் வரவில்லை. எனக்கு மனசு கேட்காமல் ஒரு கிண்ணம் ரசம் எடுத்துக்கொண்டு இறங்கினேன். மாமா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அத்தை எதிரே உட்கார்ந்திருந்தார், மூன்று நாளைக்குப் பிறகு. தட்டில் குழைந்த சோறு, வெறும் பாசிப்பருப்பு, மேலே நெய். மிளகாய் கிடையாது, மிளகு கிடையாது. மஞ்சள்தூள்கூட இல்லாமல் வெளுத்துப்போய் இருந்தது.

மாமா ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். மெல்லுவதை நிறுத்திவிட்டு அத்தையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"எப்புடி இருக்குது?" என்றார் அத்தை.

மாமா விழுங்கினார். அவர் கண்ணில் தண்ணீர் நிரம்பி, வழிந்து, கன்னத்தில் இறங்கியது. அதற்கு அவர் எந்தக் காரணமும் சொல்லவில்லை.

"காரமா இருக்குதுடி" என்றார்.

அத்தை எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.